ஓஹியோ சொன்னா சரியா இருக்கும்... ஒரு காலத்துல!

க்ளீவ்லேண்ட்! இந்தப் பேரைக் கேட்டதும், உங்க வீட்டில் பாட்டு கத்துக்கிட்ட அக்காவோ அத்தையோ இருந்தால் டக்கென்று நிமிர்ந்து உட்காருவார்கள். 1978-ல் ஆரம்பித்த தியாகராஜ ஆராதனையால் நம்ம ஊர் சங்கீதக்காரர்களுக்கு அத்துப்படியான அமெரிக்க ஊர் அது. ஆனால், நாம இன்னிக்கு அங்கே இறங்குவது கச்சேரி கேட்க இல்லை. க்ளீவ்லேண்ட் இருக்கிற ஓஹியோ மாநிலத்தை ஒரு ரவுண்டு அடிக்க!

'நயாகரா இருக்கா, ஹாலிவுட் இருக்கா... ஓஹியோவுல என்ன பாஸ் இருக்கு?' என்று கேட்கிறீர்களா? வடக்கே கடல் மாதிரி ஓர் ஏரி. நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம், சோயா. தெற்கே மலையும் ஆறும். வழியெல்லாம் மூடிக் கிடக்கும் ஆலைகள். அவ்வளவுதான். ஆனாலும், அடுத்த அமெரிக்க அதிபர் யார் என்று தெரிந்துகொள்ள நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லோரும் எட்டிப் பார்த்த ஜன்னல் இந்த ஓஹியோதான்.

1896-ல் இருந்து 2016 வரை 31 அதிபர் தேர்தல்கள். அதில் 29 தடவை ஓஹியோ யாருக்கு ஓட்டுப் போட்டதோ, அவர்தான் அதிபர். குறி தப்பியது 1944, 1960 என்று ரெண்டே ரெண்டு தடவை. ஓஹியோவில் தோற்றுவிட்டு அதிபரான குடியரசுக் கட்சிக்காரர் இதுவரை ஒருத்தர்கூடக் கிடையாது. சும்மா இல்லை, டிஸ்டிங்ஷன் கேஸ்!

அப்படிப்பட்ட ஸ்டூடன்ட்டுக்கு 2020-ல் அரியர் விழுந்தது. 2024-ல் ஓஹியோ சொன்னவரே மறுபடி ஜெயித்தார். ஆனால், இந்தத் தடவை ஓஹியோகிட்ட யாரும் கேட்கவே இல்லை. ஏன்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ட்ரிப். ஏறுங்க வண்டியில!

வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

உங்க காலேஜில் சேர்மன் எலெக்‌ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஓட்டையும் ஒன்றாகப் போட்டு எண்ண மாட்டார்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் இத்தனை பாயின்ட் என்று வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்கலில் நூறு பேர் ஓட்டுப் போட்டு, 51 பேர் உங்க பக்கம் என்றால், மெக்கானிக்கலின் மொத்தப் பாயின்ட்டும் உங்களுக்கே. மிச்சம் 49 பேர் போட்டது? காந்தி கணக்கு!

இப்ப சொல்லுங்க. சிவில் முழுக்க உங்க ஃப்ரெண்ட்ஸ். அங்கே போய் ஓட்டுக் கேட்பீர்களா? இ.சி.இ. முழுக்க எதிரணி. அங்கேயும் போக மாட்டீர்கள். பாதிக்குப் பாதியாக நிற்கிற மெக்கானிக்கல் வாசலில்தான் ராத்திரி பகலா டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பீர்கள். சரிதானே?

அமெரிக்க அதிபர் தேர்தலும் இதே கதைதான். மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் சேர்த்து மொத்தம் 538 எலக்டோரல் ஓட்டுகள். 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை. 48 மாநிலங்களில், ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் அத்தனை எலக்டோரல் ஓட்டும் ஜெயித்தவருக்கே போய்விடும். மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டு மட்டும் விதிவிலக்கு. 2024 கணக்குப்படி கலிஃபோர்னியாவுக்கு 54, ஓஹியோவுக்கு 17. ஆனால், கலிஃபோர்னியா யார் பக்கம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத மாநிலத்துக்குத்தான் மவுசு. அதைத்தான் 'ஸ்விங் ஸ்டேட்' என்கிறார்கள்.

சரி, ஓஹியோ ஏன் அப்படி ஊசலாடியது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே... அந்தச் சோறு இதுதான். வடக்குப் பக்கம் கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். தெற்குப் பக்கம் வர்ஜீனியா, கென்டக்கிக்காரர்கள். ஆலை வேலைக்கு போலந்து, ஹங்கேரி, இத்தாலியிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். தெற்கு மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வந்த கறுப்பின மக்கள். நடுவில் விவசாயிகள், தென்கிழக்கே நிலக்கரி மலைக் கிராமங்கள். மொத்த அமெரிக்காவையும் மிக்ஸியில் போட்டு ஒரு டம்ளரில் ஊற்றிய மாதிரி! அதனால், ஓஹியோவுக்குப் பிடித்தவர் நாட்டுக்கும் பிடித்தவராக இருந்தார்.

முதல் ஸ்டாப்: யங்ஸ்டவுன்

க்ளீவ்லேண்டிலிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மஹோனிங் ஆற்றங்கரையில் கிலோமீட்டர் கணக்கில் இரும்பாலைகள் எரிந்துகொண்டிருந்த ஊர். 1930-ல் இங்கே ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் அறுபதாயிரம்தான்.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் கேம்ப்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை காலி. இன்றைக்கும் உள்ளூர்க்காரர்கள் அதைக் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின.

ஆலை போனாலும் தொழிற்சங்கப் பழக்கம் போகவில்லை. தாத்தா, அப்பா, பிள்ளை என்று பரம்பரை பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டு. யங்ஸ்டவுன் இருக்கிற மஹோனிங் கவுன்டியில் 1972-ல் நிக்ஸன் ஜெயித்ததற்குப் பிறகு குடியரசுக் கட்சி தலைகாட்டவே முடியவில்லை. 2020-ல் அந்தக் கோட்டை ட்ரம்ப் பக்கம் சாய்ந்தது. பக்கத்து ட்ரம்புல் கவுன்டி அதற்கு முன்பே, 2016-ல் சாய்ந்திருந்தது.

ட்ரம்புல் கவுன்டியில் லார்ட்ஸ்டவுன் என்று ஓர் ஊர். 1966-ல் இருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார் தயாரித்த இடம். 2017 ஜூலையில் யங்ஸ்டவுன் கூட்டத்தில் பேசிய ட்ரம்ப், வேலையெல்லாம் திரும்பி வரப்போகிறது, யாரும் வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள் என்றார். 2019 மார்ச்சில் லார்ட்ஸ்டவுன் தொழிற்சாலையில் கார் தயாரிப்பு நின்றது. அப்ப 2020-ல மக்கள் கோபத்தைக் காட்டியிருப்பாங்களே என்கிறீர்களா? இல்லை பாஸ். ட்ரம்புல் கவுன்டியில் அவருக்கு முன்பைவிட அதிக வித்தியாசத்தில் வெற்றி!

இதை 'மக்களுக்குப் புத்தி இல்லை' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடாதீர்கள். நாற்பது வருஷம் ரெண்டு கட்சியும் வந்து வாக்குறுதி கொடுத்துவிட்டுப் போன இடம் இது. கோபம் 2019-ல் பிறந்ததில்லை. 1977-லிருந்தே தேங்கிக் கிடந்தது.

அடுத்து: 108 படி ஏறுங்க!

யங்ஸ்டவுனிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரம். கேன்டன் என்ற ஊரில் புல்வெளி நடுவில் ஒரு நினைவு மண்டபம். ஏறுவதற்குச் சரியாக 108 படிகள். நம்ம ஊர் கோயில் கணக்கு! உள்ளே உறங்குபவர் வில்லியம் மெக்கின்லி. ஓஹியோவில் பிறந்து அதிபரான ஏழு பேரில் ஒருவர்.

1896 தேர்தலில் இவர் ஊர் ஊராகப் போகவே இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் நின்றார். சுமார் ஏழரை லட்சம் பேர் ரயில் ஏறி கேன்டனுக்கு வந்து இவர் பேச்சைக் கேட்டார்கள். தோட்டத்துப் புல் காணாமல் போனது. வேலிக் கட்டையைக்கூட ஞாபகார்த்தமாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள்.

1920-ல் இன்னும் தமாஷ். இங்கிருந்து மேற்கே இருக்கிற மேரியன் ஊர்க்காரர் வாரன் ஹார்டிங் ஒரு கட்சி வேட்பாளர். டேட்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் காக்ஸ் இன்னொரு கட்சி வேட்பாளர். ரெண்டு பேருமே ஓஹியோ. ரெண்டு பேருமே பத்திரிகை முதலாளிகள்! ஹார்டிங்கும் தன் வீட்டுத் திண்ணையிலேயே பிரசாரம் நடத்தி ஜெயித்தார்.

கவனித்தீர்களா? அன்றைக்கு நாடே ஓஹியோ வாசலுக்கு வந்தது. பிற்பாடு வேட்பாளர்கள் ஓஹியோ வாசலுக்கு வந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் கூட்டம் இந்த வாசலில்தான்.

கேம்பியர்: விடிய விடிய ஒரு க்யூ

இதுதான் உங்களுக்கான ஸ்டாப். கேன்டனிலிருந்து தென்மேற்கே கிராமத்துச் சாலையில் போனால் கேம்பியர். குட்டியூண்டு ஊர். ஊரே கிட்டத்தட்ட ஒரு காலேஜ்தான். 1824-ல் தொடங்கிய கென்யன் காலேஜ். அமெரிக்காவில் மாணவர்கள் படிக்கிற ஊரிலேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். கென்யனில் வெளி மாநிலத்துப் பசங்க நிறைய. சொந்த ஊர் யார் பக்கம் என்பது முன்பே முடிவான கதை. இங்கே போட்டால்தான் ஓட்டுக்கு வெயிட்!

2004 நவம்பர் 2. ஜார்ஜ் புஷ், ஜான் கெர்ரி போட்டி. கேம்பியர் வாக்குச்சாவடியில் ஏறக்குறைய 1,300 வாக்காளர்கள். அவர்களுக்கு வைத்திருந்த மெஷின்கள் எத்தனை தெரியுமா? ரெண்டு! அதிலும் ஒன்று நடுவில் மக்கர் செய்தது. காலை ஆறரைக்கு ஆரம்பித்த க்யூ மத்தியானம் நீண்டது, சாயங்காலம் நீண்டது, இருட்டிய பிறகும் நீண்டது. பத்து மணி நேரம் நின்றவர்கள் எல்லாம் உண்டு. டி.வி-யில் மற்ற மாநில ரிசல்ட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் இன்னும் க்யூவில்! கடைசி ஓட்டு விழுந்தபோது மறுநாள் அதிகாலை மணி நாலு ஆகிவிட்டது.

ஏன் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள்? நாடே அன்று ராத்திரி ஓஹியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். புஷ் 286, கெர்ரி 251 என்பது கடைசிக் கணக்கு. ஓஹியோவின் 20 எலக்டோரல் ஓட்டு அப்படியே இந்தப் பக்கம் வந்திருந்தால் கெர்ரி அதிபர். அந்த 20-ஐ தீர்மானித்தது சுமார் 1,18,000 மக்கள் ஓட்டு வித்தியாசம். நாடு முழுக்கப் பார்த்தால் புஷ் சுமார் 30 லட்சம் ஓட்டு முன்னிலை. அந்த 30 லட்சத்தையும் புரட்டிப் போடும் சக்தி இந்த ஒரு மாநிலத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டுக்கு இருந்தது!

கேம்பியரில் கடைசி ஓட்டு விழுந்த ஏழு மணி நேரத்தில், காலை பதினொரு மணி வாக்கில், கெர்ரி புஷ்ஷுக்கு போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். க்யூவில் நின்ற பையனோ பொண்ணோ அப்போதுதான் தூங்கி எழுந்திருப்பார்கள். 'விடிய விடிய நின்னது வேஸ்ட்டா?' இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஸ்டாப்பில் பேசுவோம்.

கொலம்பஸ்: கூட்டம் கலைஞ்ச கதை

கேம்பியரிலிருந்து ஒரு மணி நேரம் தெற்கே வந்தால் தலைநகர் கொலம்பஸ். ஓஹியோ ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர். 2012 தேர்தல் நேரத்தில் இந்த மாநிலத்தில் டி.வி போட்டால் விளம்பர இடைவேளை முழுக்க ஒபாமாவும் ராம்னியும்தான். அந்த வருஷம் பொதுத் தேர்தல் கட்டத்தில் வேட்பாளர்கள் கலந்துகொண்ட கூட்டங்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் ஓஹியோவில் மட்டுமே நடந்தது. ஒபாமாவுக்கு ஓஹியோ என்று டி.வி அறிவித்ததும், சேனலில் உட்கார்ந்திருந்த குடியரசுக் கட்சிப் பிரமுகர் கார்ல் ரோவ் 'அதெப்படி சொல்றீங்க?' என்று லைவ்விலேயே மல்லுக்கட்டிய கூத்தும் அரங்கேறியது.

அதுதான் உச்சம். 2016-ல் ட்ரம்ப் இங்கே 8 சதவிகித வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020-லும் அதே 8. ஆனால் நாட்டில் ஜெயித்தது பைடன். 2024-ல் வித்தியாசம் 11 ஆனது. ஊஞ்சல் நின்றுவிட்டது.

என்ன நடந்தது? பானையில் இருந்த சோறு மாறிவிட்டது. பதம் பார்த்த பருக்கை அவ்வளவாக மாறவில்லை. அரிசோனா, ஜார்ஜியா மாதிரி மாநிலங்களுக்கு லட்சக்கணக்கில் புதுசாக மக்கள் வந்தார்கள். லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினர் கூடினார்கள். ஓஹியோவின் மக்கள்தொகை அந்த வேகத்தில் வளரவில்லை. 1960-களில் 26 வரை இருந்த எலக்டோரல் ஓட்டு இன்று 17. இன்னொரு பக்கம், டிகிரி முடித்தவர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கமும், டிகிரி இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள் குடியரசுக் கட்சிப் பக்கமும் நாடு முழுக்க இடம் மாறினார்கள். ஆலைகளால் வளர்ந்த ஓஹியோவில் ரெண்டாவது ரகம் அதிகம். கொலம்பஸ் நகரம் நீலமாகிக்கொண்டே போக, அதைச் சுற்றிய சின்ன ஊர்கள் அதைவிட வேகமாகச் சிவந்தன.

மனசு முடிவான மாநிலத்தில் யார் டீ வாங்கிக் கொடுப்பார்கள்? 2024-ல் வேட்பாளர்கள் முற்றுகையிட்டது பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, நார்த் கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களை. பென்சில்வேனியா, ஓஹியோவுக்குக் கிழக்கே அடுத்த வீடு. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இரும்பாலைத் தொழிலாளியின் கையைக் குலுக்க ரெண்டு வேட்பாளரும் க்யூ. இந்தப் பக்கம் யங்ஸ்டவுனில் அதே மாதிரி வேலை பறிபோனவரைக் கேட்க நாதி இல்லை!

நம்ம திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் ஞாபகம் இருக்கா? கமலா ஹாரிஸின் தாத்தா ஊர். 2024-ல் அங்கே அபிஷேகம், பூஜை எல்லாம் நடந்தது. கலிஃபோர்னியாவில் அவருக்கு ஓட்டுகள் மலையாகக் குவிந்தன. ஒன்றும் உதவவில்லை. மேலே சொன்ன ஏழு மாநிலமும் ட்ரம்ப் பக்கம் போனது. ஆட்டம் குளோஸ்!

ஸ்பிரிங்ஃபீல்ட்: ஓட்டு வேணாம், பேர் மட்டும் போதும்

கொலம்பஸிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம். ஸ்பிரிங்ஃபீல்டில் அறுபதாயிரம் பேர்கூட இல்லை. ஆட்கள் குறைந்துகொண்டே வந்த இந்தத் தொழில் நகரத்துக்குச் சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான ஹைதி நாட்டு மக்கள் வந்து ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். வாடகை ஏறியது, ஆஸ்பத்திரியில் கூட்டம், பள்ளிகளில் நெருக்கடி. நிஜமான பிரச்னைகள். பேசித் தீர்க்க வேண்டியவை.

ஆனால் 2024 செப்டம்பர் 10 டி.வி விவாதத்தில் ட்ரம்ப் சொன்னது வேறு. அங்கே குடியேறியவர்கள் வீட்டு நாய், பூனைகளைப் பிடித்துத் தின்கிறார்கள் என்றார். அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் அதற்கு முந்தின நாளே இந்தக் கதையைப் பரப்பியிருந்தார். இத்தனைக்கும் வான்ஸ் அப்போது ஓஹியோவின் செனட்டர். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற மிடில்டவுனில் வளர்ந்தவர். அப்படி எதுவும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்த, அதே குடியரசுக் கட்சி கவர்னர் மைக் டிவைனும் மறுத்தார். அதற்குள் வெடிகுண்டு மிரட்டல்கள் வந்து குவிந்தன. பள்ளிப் பிள்ளைகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

ஸ்விங் ஸ்டேட்டாக இருந்த காலத்தில் ஓர் ஊரைப் பற்றி இவ்வளவு லேசாகப் பேசியிருப்பார்களா? கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அங்கே இருக்கிறவர்கள் ஓட்டு வேண்டுமே! ஓட்டு தேவைப்படாத ஊர், மேடையில் கதை சொல்லப் பயன்படுகிற ஊராகிவிடும்.

கடைசி ஸ்டாப்: மீன் விழுற ஊர்

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வடக்கே விரட்டினால் மறுபடி ஈரி ஏரிக்கரை. போர்ட் க்ளின்டன். 'வாலை' என்ற ஏரி மீனுக்குப் பேர் போன ஊர். நியூ இயர் ராத்திரி நியூயார்க்கில் பந்து இறங்கும் இல்லையா, இங்கே 20 அடி நீளத்துக்கு ஒரு பொம்மை மீனை இறக்குவார்கள்!

இந்த ஊர் இருக்கிற ஒட்டாவா கவுன்டி, ஓஹியோவுக்கு உள்ளேயே ஒரு குட்டி ஓஹியோ. 1964-ல் இருந்து 2016 வரை ஒரு தேர்தல்கூடத் தப்பாமல் ஜெயித்தவருக்கே ஓட்டுப் போட்டது. 2020-ல் அந்தச் சாதனையும் முடிந்தது. மீன் என்னவோ வருஷா வருஷம் கரெக்டாக இறங்குகிறது.

ஏரிக்கரையில் உட்கார்ந்து இப்போது கேம்பியர் கேள்விக்கு வருவோம். ஒரே மாணவர், ஒரே பத்து மணி நேரம். 2004-ல் அவர் ஓட்டுக்காக நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. 2024-ல் ஓஹியோவில் வித்தியாசம் ஆறு லட்சத்துக்கும் மேல். அதே க்யூவில் நின்றிருந்தாலும் டி.வி-யில் ஒரு வினாடிகூடக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆளும் அதே, ஓட்டும் அதே... காலமும் முகவரியும்தான் வேற. இது நியாயமா? நியாயமில்லைதான். மாநிலக் கணக்கை விட்டுவிட்டு நாடு முழுக்க ஓட்டை எண்ணச் சொல்லி அமெரிக்காவிலேயே பல வருஷமாகக் குரல் எழுகிறது.

ஆனால், க்யூ வேஸ்ட்டா என்றால்... 2023 நவம்பரை மட்டும் பாருங்கள். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று ஓஹியோ மக்களிடமே நேரடியாக ஓட்டுக்கு விட்டார்கள். குடியரசுக் கட்சியின் கோட்டை என்று எழுதி மூடிவிட்ட அதே மாநிலத்தில் சுமார் 57 சதவிகிதம் பேர் 'சேர்க்கலாம்' என்றார்கள். அங்கே பாயின்ட் கிடையாது, டிபார்ட்மென்ட் கிடையாது. கேம்பியர் ஓட்டும் யங்ஸ்டவுன் ஓட்டும் ஒரே எடை. டி.வி கேமராக்கள் கிளம்பிப் போன பிறகும் ஓஹியோ தனக்கான முடிவைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் யாராவது க்யூவில் நிற்க வேண்டியிருந்தது.

உங்க ஓட்டு நாட்டையே புரட்டுகிற வருஷமும் வரும். யாரும் சீண்டாத வருஷமும் வரும். எது எந்த வருஷம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. 1896-லேர்ந்து ரிசல்ட் சொன்ன ஓஹியோவுக்கே அது தெரியலையே, பாஸ்!